சொட்டு எங்கிருந்து?

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னா கேக்கறீங்களா?" என்றாள் மனைவி.

மேடு பள்ளத்தில் ஓட்டும் பழைய நாலு சக்கர ஏடிவி வண்டிக்கு அடியில் நம் சூரப்புலி மல்லாந்து கிடந்தார். "போன மாசம் ஆயில் மாத்தினதே நான்தான். ஒழுகறதை நிறுத்தத் தெரியாதா?"

எஞ்சினைத் துடைத்து, அவளுடைய முகப் பவுடரைத் தூவி, சற்று நேரம் ஓடவிட்டு அணைத்தார். ஆயிலை வடிக்கக் கழற்றும் அடி போல்ட்டைச் சுற்றி மட்டும் பவுடர் கறுத்திருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்! போல்ட்டுல செம்பு வாஷரே இல்ல. வண்டியை நம்ம தலையில கட்டினவன் போடவே இல்ல, மடையன்!"

"வாஷர்னா எப்படி இருக்கும்?"

"வட்டமா, நடுவுல ஓட்டையோட."

அவள் வண்டியிலிருந்து சாவியை உருவி நீட்டினாள். "ஆயில் மாத்தின அன்னிக்கு, 'ஒண்ணு மிஞ்சிடுச்சு, அழகா இருக்கு'ன்னு சாவி வளையத்துல மாட்டினீங்களே, இது மாதிரியா?"

வெளியே நீட்டிய தலையை அவர் ஆமை போல உள்ளே இழுத்துக்கொண்டார். மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.