மந்திரித்த கிணறு

பாம்பன் காற்றில் டிஸ்பென்சரியின் சன்னல் கதவு அடித்துக்கொண்டிருக்கிறது. சிசிலியின் முகத்தை டாக்டர் வெளிச்சத்துக்குத் திருப்புகிறார். எட்டு வயதுப் பெண் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். அம்மா திரேசம்மாள் தாடையைத் தட்டியதும் வாய் திறக்கிறது. முன்பற்களில் சுண்ணாம்புத் திட்டுகள், குறுக்கே பழுப்புக் கோடுகள். ஈறு சிவந்து கசிகிறது. "செங்கப்பொடி வச்சுத் தெனமும் தேக்கிறேன் டாக்டரய்யா. பள்ளிக்கூடத்துல பாசிப்பல்லுன்னு கூப்பிடுறாங்களாம்." "தேய்க்காதம்மா. இது கறை இல்லை. பல் உள்ளே உருவாகும்போதே விழுந்த குறை. கைக்குழந்தையில் கடுங்காய்ச்சல் வந்ததா?" "இல்லய்யா." "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" "மாதா கோயில் கெணறு. சாமியாரு மந்திரிச்சது, உப்பே இருக்காது." டாக்டரின் பேனா நிற்கிறது. "ருசியை வச்சுச் சொல்ல முடியாது. காரணம் தண்ணியில கரைஞ்சிருக்கிற ஏதாவதாகவும் இருக்கலாம். ஒரு பாட்டில் கொண்டு வா, சோதிக்க மதராசுக்கு அனுப்புறேன். பதில் வர ரெண்டு மாசமாகும்." திரேசம்மாளின் இடுப்பிலிருக்கும் பத்து மாதக் குழந்தையைப் பார்க்கிறார். "நிலைப்பல் உருவாகுறது இந்த வயசுலதான்." குழந்தை தாகத்தில் சிணுங்குகிறது. பழக்கத்தில் அவள் தூக்குச்சட்டியைத் திறந்து, கிணற்றுத் தண்ணீரை மூடியில் ஊற்றிவிடுகிறாள். குழந்தை இரண்டு கையையும் நீட்டுகிறது. மூடி பாதி வழியில் நிற்கிறது. சிசிலி வாயைப் பொத்திக்கொண்டே சொல்கிறாள்: "குடுக்காதம்மா."