முறைவெக்கை

தெருவில் சூட்டை விட்டால் அபராதம் என்றான பிறகு, மாடியில் இருக்கும் பத்து வீட்டு ஏசியும் கக்குகிற வெக்கையைக் கீழ்த்தளத்தில் தினம் ஒரு வீடு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் குடித்தனக்காரர்கள் முறைபோட்டு வாசல் தெளித்த முறைவாசல் மாதிரி இது முறைவெக்கை. இன்றைக்குத் தமயந்தி வீட்டு முறை.

அவளுடைய கைக்குழந்தைக்கோ விடிந்ததிலிருந்து வயிற்றுப்போக்கு. உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் துவண்டு கிடந்தான். வெளியே தூக்கிப் போகலாமென்றால் வெயில் அந்த வெக்கையைவிடக் கொலைகாரன். எதிர்வீட்டு ஜெசிந்தாவின் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் முறையை மாத்திக்க ஜெசி. புள்ள தாங்க மாட்டான்."

"முடியாதுக்கா."

"நீயும் பெத்தவதானேடி? நெஞ்சுல ஈரமே இல்லையா?"

ஜெசிந்தா கதவை அகலத் திறந்தாள். உள்ளே அவளுடைய நாலு வயது மகள் சுவரையே வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஓயாமப் பாடிக்கிட்டிருந்த புள்ள. போன சித்திரையில எங்க முறையன்னிக்கு வலிப்பு வந்துச்சு, அதோட பேச்சு போச்சு. அன்னிக்குக் காலையிலேயே இவளுக்கு உடம்பு கொதிக்குதுன்னு உங்க வாசல்ல வந்து நின்னேன். என்ன சொல்லி அனுப்புனீங்க?"

தமயந்தி குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"'முறைன்னா முறைதான் ஜெசி'ன்னீங்க."

கதவு சாத்திக்கொண்டது. முதுகுக்குப் பின்னால், தமயந்தியின் வீட்டுச் சுவரில் வெக்கைக்குழாய் உறுமிக்கொண்டு திறந்தது.