ஓரமாக நின்ற எறும்பு

சுவர் ஏறும் வரிசையிலிருந்து ஓர் எறும்பு அரிசியோடு விழுந்தது.

"இன்னொரு தடவை விழுந்தா புத்துல உனக்கு இடமில்லை," என்றது மேஸ்திரி எறும்பு.

"என் கால் சரியில்லண்ணே," என்று அது அழுதது.

சுமை தூக்காமல் காலையிலிருந்து ஓரமாகவே நின்ற எறும்பு குறுக்கிட்டது. "இன்னிக்கு நாற்பது பேர் விழுந்தாங்க. நாற்பது பேரும் அவங்கவங்க காலைத்தான் திட்டினாங்க. ஆனா, எல்லாரும் விழுந்தது அந்த ஜன்னல் விளிம்புல."

"வேலைக்கு டிமிக்கி, வாய் மட்டும் நீளம்!" என்றபடி மேஸ்திரியே ஏறிப் பார்த்தது. புது பெயின்ட் பூசிய விளிம்பில் வழுக்கித் தொப்பென்று விழுந்தது. முதலில் தன் காலைப் பார்த்தது. அப்புறம் விளிம்பைப் பார்த்தது.

வரிசையை வேறு பக்கம் திருப்பிவிட்டு வந்து, ஓரமாக நின்ற எறும்பிடம் மெதுவாகச் சொன்னது: "நாளைக்கும் இங்கேயே நில்லு தம்பி. உன் சுமையை நாங்க தூக்கிக்கறோம்."