உள்பக்கக் கொண்டி

தலைப்பிரசவத்துக்கு மகள் அபிதா வருகிறாள் என்று குமாரதாஸ் தெற்கு அறையையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி பகவதி வாசலில் நின்று பொருமினாள்.

"மக்கா ஸ்ரீஜித்தே, சுவிட்ச எறக்கி வையி. கட்டில்ல கெடந்தே கைக்கு எட்டணும்" என்றார் எலக்ட்ரீஷியனிடம். "பால் குடுக்க கைவச்ச நாற்காலி ஒண்ணு வேணும், முதுகு நோவும்லா. பொறவு கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி அடிக்கணும்."

"கொண்டியா? பொறவு நான் எப்பிடி உள்ள போவேன்?" என்றாள் பகவதி.

"அவ தொறந்தா போ."

பகவதிக்குச் சுருக்கென்றது. "பெத்தவ நானாக்கும். அவ பொறக்கும்போ நீங்க துபாயில. அவ நடக்கத் தொடங்கின பொறவுதான் மொகத்தையே பாத்திய. உங்களுக்கு இதெல்லாம் ஆரு சொல்லித் தந்தா?"

குமாரதாஸ் பீரோவிலிருந்து ஒரு பழைய கேசட்டை எடுத்து டேப் ரிக்கார்டரில் போட்டார். அபிதா பிறந்த புதிதில் பகவதி பேசித் துபாய்க்கு அனுப்பியது.

"இஞ்சேருங்க, லைட் போட எந்திரிச்சா பிள்ள முழிச்சிருது. குனிஞ்சு பால் குடுத்து முதுகு ஒடியுது. இதுக்கெடையில எங்க அம்மை அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க வந்து, பிள்ளைய அப்பிடிப் பிடி, இப்பிடிப் பிடின்னு உபதேசம். கதவுக்கு உள்ள ஒரு கொண்டி இருந்தா நான் தப்பிச்சேன்!"

ஸ்ரீஜித் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தான். பகவதி ஓடிப்போய்க் கேசட்டை நிறுத்தினாள். ஸ்ரீஜித் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்:

"கொண்டி நல்ல பெலமா இருக்கட்டும், மக்கா. நான் தள்ளுனாலும் தொறந்திரப்பிடாது."