பெட்டி மட்டும் போகலாம்

கசோங்கோவின் ஊர் பாலத்துக்கு அந்தப் பக்கம், வேறு நாட்டில் இருந்தது. சுரங்கத்தில் மண் சரிந்து இறந்துபோன அவனை, அவன் ஆசைப்படியே தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்க, அவன் மனைவி முலெங்கா சவப்பெட்டியில் வைத்து லாரியில் கொண்டுவந்திருந்தாள். எல்லைச் சாவடி அதிகாரி காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"பெட்டி மட்டும் போகலாம். செத்தவங்களுக்கு விசா வேண்டாம். உங்களுக்கு வேணும்."

"போன மாசம்கூட சும்மாதானே போய்ட்டு வந்தோம்?"

"அது போன மாசம். இப்போ எழுதிக்கொடுத்தா இருபது நாளாகும்."

வெயில் ஏறிவிட்டது. பெட்டியைச் சுற்றி அடுக்கியிருந்த ஐஸ் உருகி லாரியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. லாரி ஓட்டிவந்த இலுங்கா பாலத்துக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரன்; அவனுக்கு விசா தேவையில்லை. கசோங்கோவை உயிரோடு பார்த்ததில்லை.

"நான் கொண்டுபோறேன் அக்கா. அங்க சொந்தக்காரங்க யாரு?"

"யாரும் மிச்சமில்ல. குழி வெட்டி வைக்கச் சொல்லியிருக்கேன். பாதிரியார் புதுசு, இவரைத் தெரியாது."

"அப்போ புதைக்கும்போது நான்தான் அவரைப் பத்தி நாலு வார்த்தை பேசணும். என்ன சொல்லட்டும்?"

பதினோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. தடுப்புக் கட்டை மேலே ஏறியது.

"தூக்கத்துல சிரிப்பாரு," என்றாள் அவசரமாக. "ஏன்னு ஒருநாளும் நான் கேட்கலன்னு சொல்லு."

இலுங்கா தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான். கட்டை இறங்கியது. முலெங்கா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரி கண்ணுக்கு மறைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"அம்மா, கையை எடுங்க," என்றார் அதிகாரி. "அடுத்த வண்டி போகணும்."