எண்பது டிகிரி

மட்டாஞ்சேரி ஓட்டலில் சௌனா என்ற வியர்வைக் குளியல் அறையைப் பார்த்துக்கொள்ளும் சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது. சலவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த அமுதவள்ளி, விருந்தினர்கள் சாயா குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு தடவையாவது உள்ளே உட்காரணும் என்று அடம்பிடித்தாள்.

“கொச்சி வெயில் போதலையாக்கா உங்களுக்கு?”

“உள்ளே எவ்வளவு சூடு?”

“எண்பது டிகிரி. முதல்ல தண்ணி குடிங்க. கீழ்ப் பலகையில உட்காருங்க, மேல சூடு அதிகம். தலை சுத்தினா உடனே வெளிய வந்துரணும்.”

“கதவு?”

“தாழ்ப்பாளே கிடையாது. லேசாத் தள்ளினாப் போதும். பயப்படாதீங்க.”

போன வேகத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள் அமுதவள்ளி. மறுபடி உள்ளே போனாள். மறுபடி தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்றாவது முறையும் போக, சந்தனமாரிக்கு எரிச்சல் மூண்டது.

“என்னக்கா, விளையாட்டா இது?”

வியர்வை வழிய நின்ற அமுதவள்ளி, கதவைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“கல்ஃபுல என் மகன் சரக்கு அடுக்கிக்கிட்டு உள்ள இருந்தது தெரியாம கண்டெய்னரைப் பூட்டிட்டாங்க. மறுநாள்தான் திறந்து பார்த்திருக்காங்க. கண்டெய்னருக்குள்ள அறுபது டிகிரி இருந்திருக்கும்னாங்க. இதைவிடக் கம்மிதான்மா.”