உள்ளங்கைக்குக் கீழே ஒரு வரி

டில்லி மயூர் விஹாரில் ஒரு மொட்டை மாடியில் ஜனவரி வெயில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் விழுகிறது, கண்ணுகளா. அதில் இரண்டு பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கு மிஸ் கொடுத்த தாளை முழுக்கச் சரியாகப் போடுகிற ஒருத்தி மட்டும்தான் போட்டிக்குப் போவாள். "பக்கத்து வீட்டு மதுமதி முடிச்சிட்டா பாரு, நீ இன்னும் பேனாவைக் கடி!" என்கிறாள் துணி உலர்த்தும் அம்மா. சுபிக்ஷாவின் காது மடல் சிவக்கிறது. "சுபி, ஜல்தி செக் பண்ணுடி," என்று மதுமதி நோட்டை நீட்டுகிறாள். மேலே x² − 9, கீழே x − 3. சுருக்கி x + 3 என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறாள். ஆனால் x மூன்றானால் கீழே பூஜ்யம் வந்துவிடும், மூன்று கூடாது என்று எழுதியாக வேண்டும். அடித்துத் தள்ளிய வேகத்தில் அதை மறந்துவிட்டாள். இத்தனை நேரம் எரிந்த சுபிக்ஷாவின் வயிறு மோர் குடித்ததுபோல் குளிர்கிறது. "அச்சா, எல்லாம் கரெக்ட். மெஷினுடி நீ!" என்றபடி, தன் நோட்டில் இருக்கும் 'x ≠ 3' என்ற வரியை இடது உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள். மதுமதி சிரித்துக்கொண்டே ஆரஞ்சு உரிக்கிறாள். தோலின் சாறு வெயிலில் தெறித்து மணக்கிறது. ஒவ்வொரு சுளையாகப் பிதுக்கிக் கொட்டை எடுத்து, பாதியை நீட்டுகிறாள். "உனக்குக் கொட்டை பிடிக்காதே. இந்தா, கையை நீட்டு." வலது கைப் பேனாவைக் கீழே வைத்து அந்தக் கையை நீட்டினால் போதும், வரி மூடியே இருக்கும். சுபிக்ஷா வைக்கவில்லை. இடது கையைத்தான் மெல்ல எடுத்து நீட்டுகிறாள்; வெயில் அந்த வரியின் மேல் விழுகிறது.